பயங்காட்டி மருந்து

என் மதினி ஃபோனில் 'ஹலோ' சொல்லி நான் கேட்டதே இல்லை. எடுத்த எடுப்பில் "தம்பி, பதறாதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். பதறாதே என்று சொன்ன பிறகு எவன் பதறாமல் இருப்பான்? கையிலிருக்கும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "என்ன மதினி, என்ன ஆச்சு?" என்று கத்துவேன். அந்தப் பக்கம் ஒரே நிதானம். மூச்சை இழுத்து விடுவதுகூடக் கேட்கும்.

"உங்க அண்ணன் மாடிப்படியில..."

"விழுந்துட்டாவளா?"

"உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காவ. வீட்டுல சீனி தீந்துட்டு. வரும்போது ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க."

எனக்கு வரும் கோபத்துக்கு அந்தச் சீனியைக் கொண்டுபோய்த் தெப்பக்குளத்தில் கொட்டலாம் போலிருக்கும். "ஏன் மதினி, சீனிக்கா இந்தப் பாடு?" என்று கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான்.

"நாளைக்கு நெசமாவே ஒண்ணுன்னா நெஞ்சு தாங்கணும்லா தம்பி? இப்பமே கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கிடணும்."

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மதினிக்குப் பூச்சிமருந்துக் கடை. உரம், விதை, தெளிப்பான் எல்லாம் உண்டு. அண்ணன் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மதினி கெமிஸ்ட்ரி படித்தவர் என்பதால் லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது. வியாபாரமும் அவர் வாயில்தான் இருந்தது. அந்த வாய் வியாபாரம் செய்த அழகைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் கடையேறி, "அக்கா, கத்திரிக்காயில லேசா ஓட்டை விழுது" என்பார்.

"அண்ணாச்சி, பதறாதீங்க. வீட்டுல பொண்டாட்டி புள்ளையெல்லாம் ஊர்லதான இருக்காவ?"

"இருக்காவ. ஏங்க்கா?"

"இல்ல, மனசத் தேத்த ஆள் வேணும்லா. மொதல்ல உக்காருங்க."

அவர் பெஞ்சில் உட்காருவார். கத்திரிக்கு உலகத்தில் என்னென்ன வரலாமோ அத்தனையையும் மதினி வரிசையாக எடுத்து விடுவார். வாடல், அழுகல், சிற்றிலை, வேர்ப்புழு. கேட்கக் கேட்க அந்த மனிதர் முகம் துண்டால் துடைத்தும் காயாது. கடைசியில், "ஆனா உங்களுக்கு வந்திருக்கது வெறும் காய்ப்புழுதான்" என்று முடிப்பார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி அவர் எழுந்து, இருக்கிறதிலேயே சின்ன பாட்டிலாக ஒன்றை வாங்கிக்கொண்டு, டீயையும் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்.

மற்ற கடைக்காரர்களும் பயங்காட்டுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் பயங்காட்டி விற்பார்கள். என் மதினி பயத்தைக் காட்டி, அதைத் தெளியவும் வைத்துவிட்டு, விற்க மறந்துவிடுவார். அடுத்த கடையில் மருந்து வாங்கப் போகிறவன்கூட முதலில் இங்கே ஏறி, இலவசமாகப் பயந்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு போவான். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

வீட்டாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் கல்யாணத்தன்று, மணவறைக்கு வரும் முன் என் பெண்டாட்டியைத் தனியாக அழைத்து, "ஏட்டி, பதறாத. இவருக்குக் கோவம் வந்தா சோத்துத்தட்டு பறக்கும். நீ குனிஞ்சிக்கிடு" என்று சொல்லியிருக்கிறார். நான் வாழ்நாளில் ஒரு தட்டையும் எறிந்தவனில்லை. வாய்தான் எனக்கு நீளம். என் பெண்டாட்டியோ கல்யாணமான புதிதில் நான் சோறு போடச் சொன்னாலே குனிவாள். என்னடா இது, இவ்வளவு மரியாதை என்று நானும் பூரித்துப்போய்க் கிடந்தேன். விஷயம் தெரிந்த அன்று அவள் மதினியோடு போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

"அக்கா, ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"தட்டு பறந்துச்சா?"

"இல்ல."

"இப்பம் நிம்மதியா இருக்கா இல்லியா? நான் சொல்லாம இருந்திருந்தா இந்த நிம்மதி உனக்குக் கெடைச்சிருக்குமாட்டி?"

அன்றிலிருந்து இருவருக்கும் ஆகாது.

ஏன் இப்படி ஒரு குணம் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிட்டார். மதினியே ஒருநாள், கடையில் ஆளில்லாத மத்தியானத்தில், சொன்னார். அவருக்குப் பிறந்த ஊர் வாசுதேவநல்லூர். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஊரிலிருந்து ஒருவர் வந்து, "அப்பாவுக்கு லேசா முடியல, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். நம் பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆள் போய்ச் சேர்ந்திருந்தாலும் தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு 'லேசா முடியல' என்றுதான் சேதி போகும். மதினிக்கு அது உறைக்கவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று பிரெட் பாக்கெட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டே போயிருக்கிறார். தெரு திரும்பினால் வாசலில் பந்தல்.

"அந்த பிரெட்டை என் கையில இருந்து ஒருத்தரும் வாங்கல தம்பி. அதப் புடிச்சிக்கிட்டேதான் அழுதேன். பஸ்ல வரும்போதே சொல்லியிருந்தா, நான் அழுதுக்கிட்டே வந்திருப்பேன்லா? பூவையாவது எடுத்திருப்பேன்லா?"

அதற்குப் பிறகு அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இப்படிப்பட்ட மனுஷியை ஒரு நாள் பயிற்சி என்று மருந்துக்கடைக்காரர்கள் எல்லோரோடும் கூப்பிட்டார்கள். காய்கறிச் செடிக்கு நோய் எதிர்ப்புச் சக்தியை மருந்து மூலமாகத் தூண்டுவது எப்படி என்று ஒரு விஞ்ஞானி பேசினாராம். மதினி திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே! குலதெய்வம் நேரில் வந்து பேசியவர் மாதிரி இருந்தார்.

"தம்பி, ஆயுசுல மொத தடவையா ஒரு மனுசன் எனக்குப் புரியுத மாதிரிப் பேசுனாரு."

"என்ன சொன்னாரு?"

"இந்த மருந்து நோயைக் கொல்லாதாம். நோய் வாரதுக்கு முன்னாடியே செடிகிட்டப் போயி, 'ஏ, வந்துட்டு, வந்துட்டு'ன்னு பொய்யாச் சொல்லுமாம். செடி அத நெசம்னு நம்பி, தோலைத் தடிப்பாக்கி, உள்ளுக்குள்ளயே மருந்தக் காச்சி, கதவச் சாத்தி வச்சிக்கிடுமாம். பொறவு நெசமாவே நோய் வந்தா, இடமில்ல போன்னு சொல்லிருமாம்."

"அதாவது, நீங்க எங்களுக்குப் பண்ணுதத செடிக்கும் பண்ணணும்."

"பாத்தீங்களா! எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

அது சாலிசிலிக் அமிலம் என்று ஒரு வெள்ளைப் பொடி. நோய் தாக்கினால் செடி தனக்குள் தானே சுரந்துகொள்ளும் சரக்குதானாம். அதை வெளியிலிருந்து இம்மியளவு தெளித்தால் செடி ஏமாந்து உஷாராகிவிடும். தண்ணீரில் லேசில் கரையாது. கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, அப்புறம் தண்ணீரில் விட வேண்டும். மதினி இதையெல்லாம் பாராமல் ஒப்பித்தார். ஆனால் விஞ்ஞானி இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். நாற்றில் ஒரு தடவை, நட்டு வேர் பிடித்ததும் ஒரு தடவை, அதோடு நிறுத்திவிட வேண்டும். மிஞ்சினால் செடி காவலுக்கே சத்தையெல்லாம் செலவழித்துவிட்டுக் காய்க்காமல் நின்றுவிடும். அவர் அதைச் சொன்ன நேரத்தில் மதினி பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவருடைய நெஞ்செரிச்சலைப் பற்றிப் பயங்காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். இதை அந்த நாற்காலிக்காரரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கடைக்கு வந்த மருந்துக்குச் சம்சாரிகள் வைத்த பெயர் 'பயங்காட்டி'. வைத்தவர்கள் மருந்தை நினைத்து வைத்தார்களா, மதினியை நினைத்து வைத்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். கரிவலம்வந்தநல்லூர் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு கிணற்றுப் பாசனத் தோட்டம். அப்பா வைத்துவிட்டுப் போனது. இரண்டு பேர் பேரிலும் இருந்தாலும் பாடுபடுகிறவன் நான். அண்ணனுக்கு அதைப் பிளாட் போட்டு விற்றுவிட வேண்டும். சாலையோரத்தில் கல் நட்டிருக்கும் 'நகர்'களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பெருமூச்சு வரும். ஒருநாள் வீட்டில் வைத்துச் சொல்லியே விட்டார்.

"ஏலே, இந்த ஒரு வெள்ளாமை உனக்கு. எடுத்துக் காட்டிட்டேன்னா நான் வாயைத் தொறக்க மாட்டேன். இல்லன்னா பார்ட்டியக் கூட்டிட்டு வந்துருவேன்."

"வித்துட்டு நான் எங்கன போவ?"

"திருப்பூர்ல கம்பெனிக்கு வாட்ச்மேன் வேணுமாம். நானே பேசி விடுதேன்."

நான் ஆடிப்போனேன். சொந்தக் கிணற்றில் குளித்தவன் எவன் கம்பெனி வாசலிலோ விசில் ஊதிக்கொண்டு நிற்பதா? அப்போது அடுப்படியிலிருந்து மதினி வந்தார்.

"தம்பி, பதறாதீங்க. தக்காளி போடுங்க. நோய்னு ஒண்ணு உங்க வரப்பத் தாண்டாது. நான் பொறுப்பு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் 'பதறாதீங்க' எனக்குப் பிடித்திருந்தது. கெட்ட நேரம்தான், வேறென்ன.

நாற்றங்காலில் ஒரு தடவை தெளித்தோம். நட்டு வேர் பிடித்ததும் தெளித்தோம். செடி அருமையாக வந்தது. போதும் என்றிருக்கலாம். மதினிக்கு எப்படிப் போதும்? வாசுதேவநல்லூர்ப் பக்கம் இலைக்கருகல் என்று யாரோ கடையில் சொன்னால் அன்று சாயங்காலமே தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார். வானம் கறுத்தால் ஒரு தடவை. வெள்ளை ஈ பறக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒரு தடவை. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தும்மல் என்றால்கூட அடிப்பார் போலிருந்தது.

"மதினி, பூ வந்துட்டு. இனி வேண்டாமே."

"பூ வந்த நேரத்துலதான் தம்பி எல்லாம் வரும். இந்த ஒரு தடவை."

"பூவெல்லாம் கருகி விழுத மாதிரி இருக்கு மதினி."

"அது வெயிலு. இந்த ஒரு தடவை."

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லை ஒட்டி, கொஞ்சம் செடிகள் நின்றன. என் பெண்டாட்டி அங்கே போய் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். "அக்கா, இங்கன என் துணி காயும். ஒரு சொட்டு இந்தப் பக்கம் விழுந்துச்சி, நான் மனுசியா இருக்க மாட்டேன்." பழைய தட்டு விவகாரத்துக்கு அவள் இத்தனை நாள் கழித்துப் பழிவாங்கினாள் என்றுதான் நான் நினைத்தேன். மதினியும் விட்டுக்கொடுத்துவிட்டார். போகும்போது அந்தச் செடிகளைத் திரும்பிப் பார்த்து, "பாவம், இதுக முடிஞ்சிது" என்றார்.

அடேயப்பா, என் தோட்டம் இருந்த இருப்பு! ஓர் இலையில் ஒரு புள்ளி கிடையாது. சுருட்டல் கிடையாது. கரும்பச்சையாய், தொட்டால் தோல் மாதிரித் தடித்து, முழங்கால் உயரத்தில் விறைத்துக்கொண்டு நின்றன. ஊர் ஊராக ஆட்கள் வந்து பார்த்தார்கள். செடியோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒரு பெரியவர் கண்ணேறு பட்டுவிடும் என்று பூசணிக்காய் கட்டச் சொன்னார். மதினி வரப்பில் நின்று எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தார். ஒருவரும், "சரி, காய் எங்கே?" என்று கேட்கவில்லை. நோயில்லாத செடியைப் பார்த்த திகைப்பில் தக்காளி என்பது காய்க்கிற பயிர் என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று.

காய் இல்லை. மொட்டு வரும், பூக்கும், காம்போடு உதிரும். அவ்வளவுதான். என் செடிகள் கதவைச் சாத்திக்கொண்டு, வராத திருடனுக்காகக் கம்பைப் பிடித்தபடி முழுப் பருவமும் காவல் காத்தன. திருப்பூரில் எனக்கு என்ன வேலையோ அதை அவை இங்கேயே பார்த்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

துவைக்கிற கல்லுப் பக்கம் மட்டும் வேறு கதை. அங்கே நின்ற செடிகளுக்குச் சொல்லி வைத்த மாதிரி எல்லா நோயும் வந்தது. இலை சுருண்டது, புள்ளி விழுந்தது, ஒன்றிரண்டு பட்டும் போனது. மிச்சம் நின்றவை அந்த லட்சணத்தோடு குலைகுலையாகக் காய்த்தன.

என் பெண்டாட்டி அதைப் பறித்து ஒரு வாளியில் போட்டுக்கொண்டு நேரே மதினி வீட்டுக்குப் போனாள். நானும் போனேன், சண்டை வந்தால் விலக்கலாம் என்று. அவள் அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தாள். மதினி டம்ளரில் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"நல்ல பழமா இருக்கே. எந்தக் கடையிலட்டி வாங்குன?"

"கடையில இல்ல அக்கா. முடிஞ்சிதுன்னு சொன்னீங்கல்லா, அந்தச் செடியில பறிச்சது."

மதினி டம்ளரைக் கீழே வைத்தார். வாளியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"தம்பி, மருந்து கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு வந்ததே கோபம்! "சொன்னேன் மதினி! பூ விழுதுன்னு தெனமும் சொன்னேன்!"

"சொன்னீங்க. பயங்காட்டுத மாதிரிச் சொல்லலியே."

என் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அவள் சிரித்ததை நான் மன்னிக்கவே இல்லை.

அண்ணன் கத்தவில்லை, திட்டவில்லை. "பார்ட்டி ஞாயித்துக்கெழமை வருது" என்று மட்டும் சொன்னார். நான் சாப்பிடாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மதினி ஆட்டோவில் வந்து இறங்கினார். தெளிப்பான் இல்லை. கையில் ஒரு மஞ்சப்பை.

"தம்பி, கெணத்துக்கு வடக்க ஒரு கரையான் புத்து உண்டும்லா? அதுக்குன்னு எங்கிட்ட மருந்து வாங்குனீங்களே, ஊத்திட்டீங்களா?"

"இருந்த இருப்புல அது ஒண்ணுதான் கேடு. இன்னும் ஊத்தல."

"ஊத்தாதீங்க. நீங்க வீட்டுக்குப் போங்க."

மறுநாள் காலையில் பார்ட்டி வந்தார். வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம், கூட அவர் சம்சாரம், அளக்க ஒரு ஆள். அண்ணன் முன்னால் நடந்து எல்லையைக் காட்டிக்கொண்டே வந்தார். மதினி பிளாஸ்கில் டீயோடு வரப்பில் காத்திருந்தார். ஊற்றிக் கொடுத்தார். பார்ட்டி ஒரு வாய் குடிக்கட்டும் என்று பொறுத்திருந்தார்.

"அண்ணாச்சி, பதறாதீங்க."

பார்ட்டி பதறி, டீ சட்டையில் சிந்தியது. "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நல்ல எடம். நல்ல தண்ணி. அங்கன வடக்க ஒரு புத்து இருக்கு. சும்மா புத்துதான். ஜேசிபி விடும்போது மட்டும் கொஞ்சம் பாத்து விடச் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பினோம். நான் மருந்தூற்ற வைத்திருந்த கரையான் புற்று மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பிச்சிப்பூ சூடி உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு டம்ளர், காலியாக. பாலை மோட்டார் ரூமில் கிடக்கிற பூனை குடித்திருக்கும், அதன் மீசையே சொன்னது. ஆனால் அப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வருமா?

"உள்ள... இருக்கா?" என்று பார்ட்டியின் சம்சாரம் கேட்டார்.

"நான் இருக்குன்னு சொன்னேனா? நான் கண்ணால பாத்ததே இல்ல. பால் வச்சா காலையில இருக்காது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்க தாராளமா வாங்குங்க. அந்த ஜேசிபி டிரைவருக்குக் குடும்பம் இருக்கா?"

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வளர்ந்த ஊர் இது. இங்கே கோர்ட் உத்தரவோடு வந்தாலும் ஒருவன் புற்றை இடிக்க மாட்டான். பார்ட்டி செருப்பைக் கழற்றினார். அளக்க வந்தவன் டேப்பைச் சுருட்டிவிட்டான். நான் அண்ணனைப் பார்த்தேன். அது வெறும் கரையான் புற்று என்று அவருக்குத் தெரியும். அதைக் கொல்ல மருந்து மதினி கடையிலிருந்துதான் போயிருக்கிறது என்றும் தெரியும். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

கார் போன பிறகு அண்ணன் மதினியை முறைத்தார். "இடிச்சிப் பாருங்களேன்" என்றார் மதினி. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். அதோடு பிளாட் பேச்சு நின்றது.

ஆனால் மதினி எதிலாவது அளவோடு நின்றிருக்கிறாரா? பார்ட்டியின் சம்சாரம் ஊரெல்லாம் சொல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை பாலோடும் முட்டையோடும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி ஒரு வேன். என் புது நாற்றின் மேலே நடந்துபோய்க் கும்பிட்டார்கள். ஒருவர் தகரக்கொட்டகை போடலாமா என்று இடத்தைக் காலால் அளந்தார். பிளாட்டிலிருந்து தப்பிய தோட்டம் கோயிலுக்குப் போய்விடும் போலிருந்தது. நான் மதினிக்கு ஃபோன் போட்டு, அவர் பாணியிலேயே ஆரம்பித்தேன்.

"மதினி, பதறாதீங்க."

"ஐயோ, என்ன தம்பி?"

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையின் ருசி எனக்குத் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். மறு வெள்ளிக்கிழமை அவரே வந்து, மருந்தடித்த தோட்டத்துக்குக் கட்டுவதுபோல வேலியோரம் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, வந்த வேனை மறித்தார். "தாயி, பதறாதீங்க. நேத்துத்தான் மருந்தடிச்சிருக்கோம். கும்பிடுங்க, ஆனா செருப்பில்லாம உள்ள போவாதீங்க." செருப்போடு புற்றுக்குப் போக முடியாது, செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் போக முடியாது. வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்றுவரை அப்படித்தான்.

அந்தப் பருவம் பயங்காட்டியை நாற்றில் ஒரு தடவையும் நட்ட பிறகு ஒரு தடவையும் தெளித்தோம். மூன்றாவது தடவைக்கு மதினியின் கை துறுதுறுத்தது. என் பெண்டாட்டி தெளிப்பானை எடுத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டாள். நோய் வந்தது, கொஞ்சம் வந்தது. காய் நிறையக் காய்த்தது. மதினி வந்து பறித்துக் கொடுத்தார். என் பெண்டாட்டியும் அவரும் ஒரே வரிசையில் நின்று பறித்தார்கள், சண்டை போட்டுக்கொண்டே.

போன வருஷம் ஒரு காலையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணன் மகன் ஃபோன். மதினி அப்போது அவன் வீட்டுக்குப் போயிருந்தார்.

"சித்தப்பா, பதறாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். "சொல்லு மக்கா. என்ன வாங்கிட்டு வரணும்?" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் சொன்னான். "அம்மா போயிட்டாவ சித்தப்பா. லேசா முடியலன்னு ஒருத்தருக்கும் சொல்லாத, நேராச் சொல்லுன்னு அவுகளே சொல்லி வச்சிருந்தாவ."

இத்தனை வருஷம் எனக்கு எத்தனை தடவை தெளித்திருப்பார்! சீனிக்கு, காஸ் சிலிண்டருக்கு, காணாமல் போன குடைக்கு. ஒரு சொட்டும் என்மேல் பிடிக்கவில்லை. வாய்க்கால் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அடைக்க ஆளில்லாமல் மோட்டார் தண்ணீர் சாலை வரைக்கும் போய்விட்டது. ஆனால் ஒன்று, கோயம்புத்தூர் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். என் பெண்டாட்டி பூவை எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இந்த மாதம் ஒரு புதுப் பார்ட்டி வந்தார். வெளியூர்க்காரர், இளவட்டம், கூலிங்கிளாஸ். சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, எடம் குடுக்கிற ஐடியா இருக்கா?" என்றார். அண்ணன் இப்போதெல்லாம் சாயங்காலம் தோட்டத்துக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்திருப்பார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அண்ணனே எழுந்துபோய், பிளாஸ்கைத் திறந்து அந்தத் தம்பிக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடிக்கட்டும் என்று பொறுத்திருந்தார்.

"தம்பி, பதறாதீங்க" என்றார் அண்ணன். "உங்க ஜேசிபி டிரைவருக்குக் குடும்பம் இருக்கா?"